குப்பையில் போட்ட அலைகள்

இருதயராஜுக்கு வயது ஐம்பத்து மூன்று. அவருக்குப் பாடம் சொல்லும் ஜமீலாவுக்கு நாற்பத்தைந்து. இருதயராஜ் எண்ணெய்க் கிணறு தோண்டும் வேலையை விட்டுவிட்டு, கடலடிப் பாறைகளைப் படமெடுக்கும் வேலையை ஜமீலாவிடம் கற்றுக்கொள்ள வந்திருந்தார்.

ஆழ்கடலில், உப்புப் பாறைக்கு அடியில் எண்ணெய் இருப்பதாக அவர் குறித்துக் கொடுத்த முதல் இடத்தில் வெறும் தண்ணீர்தான் வந்தது. அலுவலகத்தில் அதற்கு 'ராஜு கிணறு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவரும் சிரித்துவைப்பார், உள்ளே எரியும். மாதக் கடைசிக்குள் அடுத்த இடத்தைக் குறிக்க வேண்டும். அதுவும் பொய்த்தால் அவர் பேச்சை ஒருவரும் நம்பமாட்டார்கள்.

"மேடம், படத்தை மூணு தடவை சுத்தம் பண்ணிட்டேன். உப்புக்குக் கீழ கலங்கின குட்டை மாதிரிதான் தெரியுது. எங்கன்னு குறிக்கிறது?"

ஜமீலா படத்தைப் பார்க்கவில்லை. "சுத்தம் பண்ணும்போது எதை வெட்டினீங்க சார்?"

"அதுவா? குப்பை மேடம்."

"குப்பையைக் காட்டுங்க."

கப்பலிலிருந்து அனுப்பும் ஒலி பாறையில் பட்டுத் திரும்பி வரும். அதை வைத்துத்தான் படம் வரைவார்கள். சில அலைகள் அப்படித் திரும்புவதில்லை. ஆழத்தில் இறங்கி, வளைந்து, பாறைக்குள்ளேயே ஓடி, இருபது கிலோமீட்டர் தள்ளி மேலே வரும். அவற்றை வெட்டிவிட வேண்டும் என்பது அலுவலகக் கையேட்டின் விதி. இருதயராஜ் விதியை மீறுகிற ஆள் இல்லை.

"இதெல்லாம் ஒழுங்கா திரும்பி வராம ஊர் சுத்தின அலை மேடம்."

"எந்த ஊரைச் சுத்திச்சு?"

இருதயராஜ் அலை போன வழியைத் திரையில் விரலால் தொடர்ந்தார்.

"உப்புக்கு அடியில" என்றார் மெதுவாக.

வெட்டியதையெல்லாம் மறுபடி சேர்த்தார். கணினி மூன்று வாரம் ஓடியது. புதிய படத்தில் உப்பின் அடிவிளிம்பு தெளிந்திருந்தது. எண்ணெய் தங்கக்கூடிய மணற்பாறை, ராஜு கிணற்றிலிருந்து எண்ணூறு மீட்டர் தள்ளிக் கிடந்தது.

அவருக்குச் சந்தோஷம் வரவில்லை. கோபம்தான் வந்தது.

"முதல் கிணறு தோண்டுறதுக்கு முன்னாடியே இது நம்ம கையில இருந்திருக்கு மேடம். வெட்டச் சொல்லி எழுதிவச்ச புண்ணியவான் மட்டும் என் கண்ணுல படட்டும்!"

ஜமீலா கையேட்டை எடுத்து, முதல் பக்கத்தைத் திருப்பி அவர் முன்னால் வைத்தார். எழுதியவர் பெயர் இருக்கும் பக்கத்தை யார்தான் படிக்கிறார்கள்?

"நான்தான் சார். அன்னைக்கு எனக்குப் புரியாததுக்கெல்லாம் குப்பைன்னு பேர் வச்சேன். அந்தக் கிணறு உங்களுது இல்ல, என்னுது."