சாவி கொடுக்காத நாள்

செங்குளம் சமஸ்தானத்தில் சபை கூடுவது காலை ஒன்பது மணிக்கு. ராஜா மருதப்ப பூபதி வருவது தூக்கம் கலைந்த பிறகு. அவர் தாமதமாக வருகிறார் என்று சொல்ல யாரிடமும் ஆதாரம் இல்லாதவரை ஊர் நிம்மதியாக இருந்தது.

ஆதாரம் கப்பலில் வந்தது. வெளிநாட்டு வணிகர் ஒருவர் காணிக்கையாகத் தந்த தங்கக் கடிகாரம். பின்பக்கம் கண்ணாடி. உள்ளே மிளகளவுச் சக்கரங்கள் ஓடுவது தெரியும். தினமும் காலையில் கையால் திருகிச் சாவி கொடுக்க வேண்டும். ராஜா பூரித்துப்போனார். "இனி அரண்மனையில் எல்லாம் இதன்படிதான், சாப்பாடு உட்பட" என்று உத்தரவு போட்டு, சாவி கொடுக்க அரண்மனை ஊழியர் மீராசா பாயை நியமித்தார்.

மறுநாள் ராஜா சபைக்குள் நுழைந்தபோது, வெள்ளித்தட்டில் இருந்த கடிகாரம் பதினொன்று காட்டியது. யாரோ செருமினார்கள்.

"ஓய் பாய்! சாவியைக் கூடுதலாகக் கொடுத்துவிட்டீர். அதனால்தான் இந்த ஓட்டம் ஓடுகிறது!" என்று ராஜா சீறினார்.

"எத்தனை சுற்றுக் கொடுத்தாலும் வேகம் ஒன்றுதான் மகாராஜா..."

"எதிர்த்துப் பேசாதீர். நாளை நான் வரும்போது ஒன்பது காட்ட வேண்டும். இல்லையென்றால் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போய்விடும்."

பாய் நேராக சபை விகடர் தீத்தாரப்பரிடம் ஓடினார்.

"எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாதே ஐயா! நான் எப்படி ஒன்பது காட்டுவேன்?"

"நாளைக்குச் சாவி கொடுக்காதீர். கடிகாரம் நின்றதும் முள்ளை ஒன்பதில் வையும். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்."

அடுத்த நாள் ராஜா வந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. கடிகாரம் ஒன்பது காட்டியது.

"பார்த்தீரா, அளவாகச் சாவி கொடுத்தால் ஒழுங்காக ஓடுகிறது!" என்று பாய்க்குச் சால்வை போர்த்தினார்.

இரண்டு வழக்கு விசாரித்தார். மூன்றாவதில் வயிறு குறுக்கிட்டது.

"இலை போடச் சொல்லுங்கள்."

சமையற்காரர் கைகட்டி நின்றார். "எல்லாம் தயார் மகாராஜா. ஆனால் பரிமாறுவது ஒரு மணிக்கு. இப்போது ஒன்பதுதான் ஆகிறது."

"ஒன்பதா? நான் வந்தபோதே ஒன்பதுதானே!"

"அப்போதிலிருந்து ஒன்பதுதான்" என்றார் தீத்தாரப்பர். "கூடுதல் சாவி கொடுத்தால் ஓடிவிடுகிறதாம். அதனால் பாய் இன்று கொடுக்கவே இல்லை. தாங்கள் வரும்வரை ஒன்பதில் காத்திருந்த கடிகாரம் சாம்பாருக்காக நகருமா?"

ராஜா கடிகாரத்தைப் பார்த்தார். சமையலறை வாசனை வந்த பக்கம் பார்த்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"தப்பு என்னுடையதுதான் ஓய். பாய் எங்கும் போக வேண்டாம், அந்த வேலை ஆயுளுக்கும் அவருக்குத்தான். முதலில் சாவி கொடுக்கச் சொல்லும். அதுசரி, முள்ளை எதில் வைப்பது? இப்போது மணி என்ன என்று யாருக்குத் தெரியும்?"

"ஒன்றில் வையும் பாய்" என்றார் தீத்தாரப்பர். "மகாராஜா சாப்பாட்டுக்கு மட்டும் ஒருநாளும் தாமதமாக வந்ததில்லை."