உப்புப்பாறையின் பின்பக்கம்

காட்டின் நடுவே ஒரு பாறை. எந்தக் காடு என்று கேட்காதீர்கள். பாறை உள்ள காடு, அவ்வளவுதான்.

அந்தப் பாறையில் உப்புப் பூக்கும். கோடையில் புல் காய்ந்து நாக்குச் செத்துப் போகும்போது மானும் மிளா என்கிற கடமானும் வந்து அதை நக்கும். நக்கினால் கால் நடுக்கம் நிற்கும், தாய்க்குப் பால் சுரக்கும். அதனால் அதைச் சாமி என்றன. உப்புச்சாமி. அதில் தப்பு ஒன்றும் இல்லை. உப்பிட்டவரைக் கும்பிடுவது நல்ல பழக்கம்தான்.

பாறைக்கு எதிரே சரளைத் தரை. அங்கே ஒரு ஆள்காட்டிக் குருவி குடியிருந்தது. ஆள்காட்டி மரத்தில் கூடு கட்டாது. வெறும் தரையில், கற்களுக்கு நடுவே முட்டையிடும். முட்டையும் கல் மாதிரியே இருக்கும்.

அதற்குத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்று. கண்டதைக் கத்தும். பாம்பைக் கண்டால் கத்தும். சிறுத்தையைக் கண்டால் கத்தும். காற்றில்லாமல் சருகு அசைந்தால்கூடக் கத்தும். அதைக் கேட்டு அத்திமரத்து மந்தி இன்னும் உரக்கக் கத்தும். மான்கள் ஓடித் தப்பும். காலங்காலமாக இப்படித்தான். யாரும் நன்றி சொன்னதில்லை. ஆள்காட்டியும் கேட்டதில்லை.

அப்புறம் தவசி வந்தது. தவசி என்பது ஒரு நரி. பெயர் தானே வைத்துக்கொண்டது. நெற்றியில் உப்பை அப்பிக்கொண்டு பாறையடியில் உட்கார்ந்தது. கொஞ்ச நாள் பேசவே இல்லை. பேசாதவனுக்குத்தான் மதிப்பு அதிகம். அது தெரிந்த நரி.

ஒரு நாள் வாயைத் திறந்தது.

"சாமி முன்னால் இப்படித்தான் நிற்பதா? குட்டையில் எருமை நிற்கிற மாதிரி? கண்ணை மூடுங்கள். காதை மடியுங்கள். அப்புறம் நக்குங்கள். அதுதான் பக்தி."

மான்களுக்கெல்லாம் மூத்தது ஒரு கிழட்டு மிளா. பெரிய கொம்பு, பெரிய பக்தி. "நல்லதைத்தானே சொல்கிறது," என்று அது முதலில் கண்ணை மூடியது. மற்றவை பின்னால் மூடின.

அந்தக் கோடையில்தான் அது தொடங்கியது.

எல்லாம் கண்ணை மூடி நக்கிக்கொண்டிருக்கும். திடீரென்று தவசி ஊளையிடும். "சாமி வருகிறது. யாரும் கண்ணைத் திறக்காதீர்கள். திறந்தால் பார்வை போய்விடும்." ஊளைக்கு நடுவே ஏதோ முறியும். ஏதோ இழுபடும். மான்கள் இமையை இறுக்கிக்கொண்டு நிற்கும். ஊளை நின்றதும் கண்ணைத் திறந்தால் ஓரத்தில் நின்ற மான் இருக்காது.

"சாமி அழைத்துக்கொண்டது," என்று தவசி சொல்லும். "எல்லாருக்கும் கிடைக்கிற பேறா?"

முதலில் அழைக்கப்பட்டது மிளாவின் சொந்தக் கன்று. மிளா அழவில்லை. கொம்பை நிமிர்த்திக்கொண்டு நடந்தது. தாய் மிளா மட்டும் பால் கட்டிப்போய்ப் புதருக்குள் முனகிக்கொண்டு கிடந்தது.

தவசியின் வயிறு உருண்டுகொண்டே வந்தது. யார் கவனிப்பது? கண்தான் மூடியிருக்கிறதே.

ஆள்காட்டி கண்ணை மூடவில்லை. தரையில் முட்டை வைத்திருக்கிறவளுக்குக் கண்ணை மூடக் கட்டுப்படியாகாது. ஒரு காலையில் பாறையின் பின்பக்கம் ஒரு வால் தெரிந்தது. மஞ்சள் வால், கறுப்புப் புள்ளி. நுனி மட்டும் மெல்ல ஆடியது.

ஆள்காட்டி கத்தியது. மந்தி கத்தியது. பக்தியாவது ஒன்றாவது, மான்கள் பிய்த்துக்கொண்டு ஓடின. அன்று ஒன்றும் குறையவில்லை.

மாலையில் தவசி கூட்டம் கூட்டியது.

"சாமி முன்னால் கூச்சல் போட்டாயே, ஏன்?"

"பாறைக்குப் பின்னால் சிறுத்தை இருக்கிறது," என்றது ஆள்காட்டி.

"கேட்டீர்களா? சாமி சிறுத்தையை ஒளித்து வைத்திருக்கிறதாம்."

"சாமியை நான் ஒன்றும் சொல்லவில்லை. சாமிக்குப் பின்னால் இருப்பதைச் சொல்கிறேன்."

"உப்பைத் தின்றுவிட்டு உப்பிட்ட இடத்தையே பழிக்கிறாள்."

"நான் எங்கே உப்புத் தின்றேன்? நான் தின்பது புழு பூச்சி."

யாரோ சிரித்தார்கள். மிளா திரும்பிப் பார்த்தது. சிரிப்பு நின்றது.

"உன் பேச்சு எங்கள் மனத்தைப் புண்படுத்துகிறது, அம்மா," என்றது மிளா. குரல் கரகரத்தது. "என் கன்றைச் சாமி அழைத்துக்கொண்டது. நீ சிறுத்தை என்கிறாய். நான் எப்படித் தாங்குவது?"

"மனம் புண்பட்டால் ஆறும், ஐயா. கழுத்துப் புண்பட்டால்?"

மிளா முகத்தைத் திருப்பிக்கொண்டது. கூட்டத்தில் சீற்றம் எழுந்தது. கொம்புகள் தாழ்ந்தன. ஆள்காட்டி ஓரடி பின்வாங்கியது.

தவசி கையமர்த்தியது. "விடுங்கள், விடுங்கள். அவளைக் கத்தக் கூடாது என்று யார் சொன்னது? தாராளமாகக் கத்தட்டும். எதைக் கண்டாலும் முதலில் என் காதில் சொல்லட்டும். நான் சாமியிடம் கேட்கிறேன். சாமி சரி என்றால் கத்தட்டும். இதில் என்ன கஷ்டம்?"

"நியாயம்தானே," என்றன மான்கள். கத்த வேண்டாம் என்று சொல்லவில்லையே. எவ்வளவு பெருந்தன்மை.

மந்திக்கும் ஏற்பாடு ஆயிற்று. அத்திமரத்தின் பழுத்த கிளை முழுவதும் அதற்கு. பதிலுக்குத் தினம் காலையில், "காடு நலம், காடு நலம்," என்று கத்த வேண்டும். வேறு எதுவும் கத்தக் கூடாது.

கூட்டம் கலைந்தது. தவசி மட்டும் போகவில்லை. சரளைக்கு வந்தது. கற்களுக்கு நடுவே மெதுவாக நடந்தது. ஒவ்வொரு காலாக எடுத்து வைத்தது.

"கெட்டிக்காரி. எது கல், எது முட்டை என்று யாருக்கும் தெரியாது," என்றது. முன்னங்காலை ஒரு முட்டைக்குப் பக்கத்தில் வைத்தது. மயிர் முட்டையில் உரசியது. "எனக்குத் தெரியும். நாலு. பார், மிதிக்கவில்லை. எனக்கு உன்மேல் ஒரு கோபமும் இல்லை."

ஆள்காட்டி இறக்கையை விரித்து முட்டைகளை மூடியது.

"வரட்டுமா," என்று சொல்லிவிட்டுத் தவசி போயிற்று.

அதற்குப் பின் ஆள்காட்டி ஒழுங்காக நடந்துகொண்டது. மறுபடி வாலைக் கண்டது. பறந்து போய்த் தவசியின் காதில் கிசுகிசுத்தது. "பின்னால் இருக்கிறது."

"அப்படியா? சாமி தூங்குகிறது. எழுந்ததும் கேட்டுச் சொல்கிறேன்."

கொஞ்ச நேரத்தில் ஊளை கேட்டது. ஏதோ முறிந்தது. ஒரு கிழட்டுப் பெண்மான் குறைந்தது. "காடு நலம், காடு நலம்," என்று கத்தியது மந்தி.

ஆள்காட்டி அத்திமரத்தடிக்குப் போயிற்று.

"நீயும் மேலிருந்து பார்த்தாய்தானே?"

"பார்த்தேன், அக்கா."

"அப்புறம்?"

"எனக்கும் குட்டி இருக்கிறது. உன்னுடையது தரையில், என்னுடையது மடியில். வேறென்ன வித்தியாசம்?"

"பழம் எப்படி?"

"தொண்டையில் இறங்கவில்லை," என்றது மந்தி. சொல்லிக்கொண்டே இன்னொன்றைப் பறித்தது.

இப்படியே போயிற்று. பயம் ஒரு வழக்கமாகிவிட்டது. பிறந்த குட்டிகள் காதை மடித்துக்கொண்டே வளர்ந்தன.

முதல் உப்பு என்று மான்களிடம் ஒரு சடங்கு உண்டு. பிறந்த குட்டியைக் கூட்டி வந்து, பாறையை முதல் தடவை நக்கவைப்பார்கள். அன்று குட்டிதான் எல்லாருக்கும் முன்னால் நிற்க வேண்டும். பாறையை ஒட்டி, தனியாக.

ஒரு இளம் புள்ளிமான் தன் குட்டியோடு வந்தது. குட்டிக்குக் கால் இன்னும் நேராக நிற்கவில்லை. சரளையைத் தாண்டும்போது தாய் குனிந்து மெதுவாகக் கேட்டது.

"அக்கா, பின்னால் ஏதாவது இருக்கிறதா?"

தவசி அன்று பாறையடியில் இல்லை. சரளையிலேயே உட்கார்ந்திருந்தது. அதன் வால் ஆள்காட்டி புதிதாய் இட்டிருந்த நாலு முட்டைகளைச் சுற்றிக் கிடந்தது, ஏதோ அதுதான் அடைகாக்கிற மாதிரி. ஆள்காட்டியைப் பார்த்துச் சிரித்தது.

"தெரியாது," என்றது ஆள்காட்டி.

தாய் தலையாட்டிவிட்டுப் போயிற்று. மான்கள் வரிசையாக நின்றன. மிளா கண்ணை மூடியது. எல்லாம் மூடின. குட்டிக்கு மூடத் தெரியவில்லை. தாய் அதன் முகத்தை நக்கி நக்கி இமையை மூடவைத்தது.

பாறையின் பின்பக்கம் வால் நுனி ஆடியது. பிறகு ஆட்டம் நின்றது. நின்றால் பாயப் போகிறது என்று அர்த்தம். ஆள்காட்டிக்கு அது தெரியும்.

முட்டையைப் பார்த்தது. குட்டியைப் பார்த்தது. இரண்டையும் பார்க்க முடியவில்லை. தவசியிடம் ஓடியது.

"ஒன்று சொல்ல வேண்டும்."

"சொல்லு, சொல்லு. விதிப்படி காதில் சொல்லு." தவசி சொகுசாகத் தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தது.

ஆள்காட்டி அந்தக் காதுக்குள் அலகை வைத்தது. உடம்பில் இருந்த மூச்சையெல்லாம் கூட்டிக் கத்தியது.

காடு இரண்டாகக் கிழிந்த மாதிரி இருந்தது. தவசி வீறிட்டுத் துள்ளி மல்லாந்து விழுந்தது. சாமியின் காவலனே அலறினால் யார்தான் கண்ணை மூடிக்கொண்டிருப்பார்கள்? மான்கள் கண்ணைத் திறந்தன.

பாறைமேல் சிறுத்தை. தோள் தாழ்ந்து, பாய்கிற நேரம்.

அத்திமரத்தில் மந்தி வாயில் இருந்த பழத்தைத் துப்பியது. யோசிக்கவில்லை. பழைய குரலில் கத்தியது. தாய் குட்டியை முட்டித் தள்ளியது. சிறுத்தை பாய்ந்தது. குட்டி நின்ற இடத்தில் மண்தான் இருந்தது. மான்கள் நாலு பக்கமும் சிதறின. எல்லாரும் பார்த்துவிட்ட சிறுத்தைக்கு அங்கே வேலை இல்லை. ஒரு முறை உறுமிவிட்டுப் புதருக்குள் போயிற்று.

தவசி எழுந்தது. ஒரு காது தொங்கியது.

"என்னடி செய்தாய்?"

"விதிப்படிதான். உன் காதில்தான் சொன்னேன்."

தவசி முட்டைப் பக்கம் திரும்பியது. ஆள்காட்டி இறக்கை ஒடிந்தது போல் தரையில் இழுத்துக்கொண்டு ஓடியது. பகையை முட்டையிலிருந்து விலக்கிக் கூட்டிப்போக ஆள்காட்டிகள் செய்கிற வித்தை அது.

"அதை வேறு யாரிடமாவது காட்டு," என்றது தவசி. அவசரமே இல்லாமல் ஒவ்வொன்றாகக் கடித்தது. ஓடு நொறுங்குவது ஆள்காட்டிக்குக் கேட்டது. நாலும்.

மான்கள் மெதுவாகத் திரும்பி வந்தன. தவசி வாயைத் துடைக்கக்கூட இல்லை. "பார்த்தீர்களா? சாமிக் குற்றம் செய்தவளுக்குத் தண்டனை," என்றது.

"சிறுத்தை அங்கே இருப்பது உனக்கு முன்பே தெரியுமா?" என்று மிளா கேட்டது.

"சாமியின் வழிகள் நமக்கு..."

"நான் கேட்டது அது இல்லை."

மிளா பாறையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போயிற்று. அத்தனை வருஷத்தில் அங்கே போனதே இல்லை. அங்கே எலும்பு. குவியலாக எலும்பு. பெரிதும் சிறிதுமாக, கடித்துத் துப்பியவை. சிலவற்றில் சிறுத்தையின் பல் தடம், சிலவற்றில் நரியின் பல் தடம். ஓரத்தில் ஒரு சின்னக் குளம்பு கிடந்தது. மிளாக் கன்றின் குளம்பு. மிளா அதை மூக்கால் தொட்டது.

திரும்பி வந்தபோது அதன் கொம்பு தாழ்ந்திருந்தது. கும்பிடுவதற்காக அல்ல. தவசி அதைப் பார்த்தது, ஓடியது. திரும்பிப் பார்க்காமல் ஓடியது. இப்போது வேறு காட்டில், வேறு பெயரில் எங்காவது உட்கார்ந்திருக்கும்.

மிளா பாறைக்கு முன் போய் நின்றது. கண்ணைத் திறந்தபடியே தலை வணங்கியது. நக்கியது. இடி விழவில்லை. பார்வை போகவில்லை. உப்பு உப்பாகவே இருந்தது.

பிறகு ஆள்காட்டியிடம் வந்தது. உடைந்த ஓடுகளைப் பார்த்தது.

"என்ன சொல்வது என்று தெரியவில்லை, அம்மா."

"ஒன்றும் சொல்ல வேண்டாம், ஐயா. நானும் அந்தக் குட்டியின் தாயிடம் தெரியாது என்று சொன்னவள்தான்." ஆள்காட்டி ஓட்டுத் துண்டுகளை அலகால் ஒதுக்கியது. "சரளையில் நடக்கும்போது காலைப் பார்த்து வையுங்கள். மறுபடி இங்கேதான் இடுவேன்."

"இங்கேயா? பயமாக இல்லையா?"

"இருக்கிறது."

தூரத்தில் புல் அசைந்தது. காற்று இல்லை. ஆள்காட்டி கத்தியது. யாரிடமும் கேட்கவில்லை.

நீதி: எச்சரிக்கிறவள் வாயைக் கட்டினால் சிறுத்தை போய்விடாது, அது வருவது மட்டும்தான் தெரியாமல் போகும்.