ஆவுடையப்பன் பிடித்த தனிப்படகு

ஆவுடையப்பனுக்குக் குரு அம்மையாரிடமிருந்து ஒரே ஒரு சம்மதம் வேண்டியிருந்தது. தாம் வீட்டை விட்டுவிட்டு மடத்தோடு வந்து இருந்துவிட வேண்டும். அதற்கு அவர் ‘சரி’ என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

தென்காசியில் பாத்திரக்கடை வைத்துப் பேரும் பெருமையுமாக இருந்தவர் ஆவுடையப்பன். அறுபது தாண்டியதும் கடையை மகனிடம் கொடுத்துவிட்டு ஞானம் தேடி மலையேறினார். அவர் குருவாக வரித்துக்கொண்ட தையல்நாயகி அம்மையாருக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். ஏரிக்கு மேலே மேட்டில் சின்ன மடம், எப்போதும் சிரித்த முகம். மூத்த சீடரை அவர் ‘அண்ணாச்சி’ என்றுதான் கூப்பிடுவார். சீடர் அவரை ‘அம்மா’ என்பார்.

மடத்தில் வைத்துக் கேட்கலாமென்றால் ஆள் ஓய்ந்தால்தானே? இவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் யாராவது திருநீற்றுக்குக் கை நீட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். கடை நடத்திய மூளை சும்மா இருக்குமா? ஏரியில் ஒரு மோட்டார் படகை முழுசாகப் பிடித்துவிட்டார்.

“நீங்களும் நானும் மட்டுந்தாம்மா. படகோட்டியத் தவிர வேற ஒரு ஈ காக்கா கெடையாது. சாவகாசமா ஒரு சுத்து சுத்திட்டு வருவோம். எனக்கு உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்.”

“படகா? இதை முதல்லயே சொல்லக்கூடாதா அண்ணாச்சி?” அம்மையார் செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்துவிட்டார்.

படகுத்துறையில் காவிச் சேலைக்கு மேல் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு அம்மையார் நின்றார். பள்ளிச் சுற்றுலாவுக்கு வந்த பிள்ளையைப் போல அப்படி ஒரு சந்தோஷம் அவருக்கு.

பக்கத்தில் ஒரு குடும்பம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது. புருஷன், பெண்டாட்டி, நாலு பிள்ளைகள். டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். மூடுபனி இறங்குவதற்குள் கிளம்பப்போகும் கடைசிப் படகு ஆவுடையப்பனுடையதுதான். கடைக்குட்டிப் பெண் கயல் தரையில் உருண்டு அழுதது.

“அண்ணாச்சி, இந்தப் படகுல எத்தனை பேர் உக்காரலாம்?”

“எட்டுப் பேரு. ஆனா நாமதான் முழுசா...”

“ஏறுங்கம்மா, ஏறுங்க!” என்று அம்மையார் அதற்குள் குடும்பத்தைக் கூப்பிட்டாகிவிட்டது.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. ஆவுடையப்பன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

படகு கரையை விட்டது. அவர் அம்மையார் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார்.

“அம்மா, நான் கேக்க வந்தது என்னன்னா...”

“அங்க பாருங்க அண்ணாச்சி, நீர்க்காகம்!”

மொத்தப் படகும் அந்தப் பக்கம் திரும்பிக் கூச்சல் போட்டது. நீர்க்காகம் முங்கிவிட்டது. அடுத்து அவர் வாயைத் திறந்தபோது, பிள்ளைகளின் அம்மா முறுக்குப் பொட்டலத்தை நீட்டினாள். வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. முறுக்கோ நல்ல மொறுமொறுப்பு.

கயல் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தது.

“தாத்தா, மீனு எங்க?”

“தண்ணிக்குள்ள.”

“காட்டு.”

“அது இப்ப உறங்குது.”

“எழுப்பு.”

ஆவுடையப்பன் இப்படியும் அப்படியும் பார்த்தார். பிறகு குனிந்து தண்ணீரை ஒரு தட்டுத் தட்டினார். மீன் வரவில்லை. கயலின் முகம் கோணியது. அவசரமாக இன்னும் இரண்டு தட்டுத் தட்டினார். சட்டையெல்லாம் நனைந்தது. பிள்ளை கையைக் கொட்டிச் சிரித்தது.

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. டிக்கெட்டைக் கப்பலாக மடித்து மிதக்கவிட்டார். மலைக்குப் பின்னால் யானைகளெல்லாம் சேர்ந்து ஒரு பாத்திரக்கடை வைத்திருப்பதாகவும், அங்கே அண்டாவில்தான் காப்பி குடிக்கும் என்றும் புளுகினார். கயல் கேட்டதென்று கழுத்திலிருந்த உருத்திராட்ச மாலையைக் கழற்றி அதற்குப் போட்டுவிட்டார். மற்ற மூன்றும் தாத்தா தாத்தா என்று அவர் மேலேயே ஏறின. ஏரியைச் சுற்றி முடிப்பதற்குள் கயல் அவர் தோளிலேயே சாய்ந்துவிட்டது.

“என்னமோ கேக்கணும்னீங்களே அண்ணாச்சி?” என்றார் அம்மையார்.

“ஸ்ஸ்... மெல்லம்மா. இப்பத்தான் கண்ணசந்திருக்கு.”

அம்மையார் வாயைப் பொத்திக்கொண்டார்.

படகு துறையில் வந்து முட்டியது. மக்காச்சோளம் சுடும் வாசனைக்கு மூன்று பிள்ளைகளும் பறந்தார்கள். அப்பனும் ஆத்தாளும் அவர்களைப் பிடிக்க ஓடினார்கள். படிக்கட்டில் குருவும் சீடரும் மட்டும் நின்றார்கள். ஆவுடையப்பனுக்கு அப்போதுதான் வந்த காரியம் ஞாபகம் வந்தது. விட்டால் ஆள் வந்துவிடும். ஆனாலும் குரலை ஏற்றாமல், பிள்ளைக்குக் கேட்காதபடி சொன்னார்.

“அம்மா, வீட்ல ஒரே சத்தம். பேரப்பிள்ளைக ரெண்டும் கூரையப் பிக்குது. ஒரு நிமிசம் கண்ண மூடி உக்கார முடியல. எனக்கு இந்தப் பிள்ளைகுட்டிப் பாசமெல்லாம் எப்பவோ விட்டுப்போச்சு. மடத்துலயே வந்து இருந்துக்கிடுதேன். நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொல்லணும்.”

“சரி அண்ணாச்சி,” என்றார் அம்மையார். “இப்பவே வந்துருங்க. அந்தப் பிள்ளைய மட்டும் இறக்கி விட்டுட்டு வாங்க.”

கயலின் அம்மா இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

ஆவுடையப்பன் பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டே நின்றார்.