ஏழு பேருக்கு ஆறு கட்டில்

குற்றாலலிங்கம் அண்ணாச்சி பொய் சொல்ல மாட்டாரு. இதை நான் எந்தக் கோயில்ல வேணும்னாலும் சூடத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணுவேன். நடந்தது ஒரு முழம் இருந்தா அதை எட்டு முழமா நெய்து குடுப்பாரு, அவ்வளவுதான். தாலுகா ஆபீஸ்ல டெபுடி தாசில்தாரா இருந்து ரிட்டையர் ஆனவரு. மவளைப் பாக்க அமெரிக்கா போயி நாலு மாசம் இருந்துட்டு, அப்பத்தான் அம்பாசமுத்திரம் திரும்பியிருந்தாரு.

ஊருக்கு வந்தபொறவு என் ஜெராக்ஸ் கடைக்கு அவரு வந்தது அன்னைக்குத்தான் மொத மட்டம். வந்த நேரம் அப்படிப்பட்ட நேரம். அதைச் சொல்லாட்டி மத்தது வெளங்காது.

காலைல சேந்து நடக்குற கூட்டாளிங்க நாங்க ஏழு பேரு. மேல மலையில ஆத்தங்கரையோரமா காட்டிலாகா முகாம் ஒண்ணு இருக்கு. சனிக்கிழமை போயி தங்கி, ஆத்துல குளிச்சு, மலையேறிட்டு வரலாம்னு ஏற்பாடு. அண்ணாச்சி பேரையும் மதினிகிட்ட கேட்டுச் சேத்திருந்தோம். ஏழு பேரு ஆதார் நகலையும் பாரத்தோட சேத்துக் குடுக்கணும். அன்னைக்குக் காலைல அங்க உள்ள பாரஸ்ட் கார்டு போன் பண்ணினாரு. "அறையில கட்டில் ஆறுதான் இருக்கு. ஏழாவது ஆளு ஆத்தங்கரையில டென்ட்லதான் படுக்கணும். யாருன்னு பாரத்துல எழுதி, அவரு கையெழுத்தையும் வாங்கிட்டு வாங்க"ன்னாரு. போனை வைக்கப் போறவரு சும்மா வைக்கல. "பலாப்பழ சீசன் பாத்துக்கிடுங்க, கரடி நடமாட்டம் கொஞ்சம் இருக்கு"ன்னும் சொல்லிட்டாரு.

அதுவரைக்கும் ஆரோக்கியமா இருந்த எல்லாருக்கும் நோய் வந்துட்டு. டிரில் மாஸ்டரா இருந்த நல்லபெருமாளுக்கு முட்டுவலி. குடை கடை வச்சிருக்க மசூது பாய்க்குச் சுகர். எனக்கு இடுப்புப் பிடிப்பு. மத்த மூணு பேரு நகலைக் குடுத்துட்டு, சோலி இருக்குன்னு நழுவிட்டாங்க. கடைசியா திருவுளச்சீட்டு போட்டுப் பாப்போம்னு ஏழு பேரையும் எழுதிச் சுருட்டி, காலி டோனர் டப்பாவுக்குள்ள போட்டோம். நல்லபெருமாள் டப்பாவைக் குலுக்கிக்கிட்டு இருக்காரு. அப்பத்தான் அண்ணாச்சி கடைப் படி ஏறினாரு. தலையில ஒரு பச்சைத் தொப்பி.

நல்லபெருமாளைப் பத்தி ஒண்ணு சொல்லணும். இருபது வருசமா அண்ணாச்சி வாயத் தொறந்தா இவரு சொல்லுற வார்த்தை ஒண்ணே ஒண்ணுதான். "கரடி விடாதீரும்வே." அண்ணாச்சி மவளுக்குக் கல்யாணம்னு பத்திரிகை வச்சப்பகூட அதைத்தான் சொன்னாரு.

"என்னவே, டப்பாவுல பல்லியா?"ன்னு கேட்டுக்கிட்டே அண்ணாச்சி ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்தாரு. நாங்க பதில் சொல்லுததுக்கு முன்னால தொப்பியக் கழட்டி மேசையில வச்சாரு. "இது ஸ்டேட் பார்க்குல குடுத்தது."

"ஸ்டேட் பாங்குலயா?"ன்னாரு மசூது பாய்.

"பாங்க் இல்ல பாய், பார்க். கலிபோர்னியாவுல காட்டுக்கு அதான் பேரு. நம்ம ஜில்லா பூராவையும் தூக்கி உள்ள வச்சாலும் ஒரு மூலை பத்தாது. ஒரு வெள்ளிக்கிழமை மருமவன் வந்து, 'மாமா, நாளைக்குக் கேம்ப் போறோம்'னான். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு. ரிட்டையர் ஆயி ஒம்போது வருசம் கழிச்சு ஒருத்தன் என்னைக் கேம்புக்குக் கூப்பிடுதான். சர்வீஸ்ல ஊர் ஊரா மனு வாங்க நான் போகாத கேம்பா? வெள்ளனவே எந்திரிச்சு, கஞ்சி போட்ட சட்டை, எட்டு முழ வேட்டி, கைல ஒரு பைல். கார்ல ஏறி உக்காந்துட்டேன். மருமவன் அரை டவுசர் போட்டுட்டு நிக்கான்."

"அவங்க கேம்ப்னா கூடாரம்லா"ன்னேன் நான்.

"அது எனக்குப் பொறவுதானே தெரியும். ஆனா பாத்துக்கிடும், அந்த பைல்தான் வேலை செஞ்சது. கேட்டுல ரேஞ்சர் ஒருத்தன், ஆறரை அடி. என் பைலைப் பாத்தான். விறைப்பா நின்னு சல்யூட் அடிச்சான். நானும் பதிலுக்கு, 'பதிவேடெல்லாம் சரியா இருக்கா?'ன்னேன். அவன் நடுங்கிட்டான். அப்பத்தான் இந்தத் தொப்பியக் கழட்டிக் குடுத்தான்."

நல்லபெருமாள் வாயத் தொறந்தாரு. வழக்கமான வார்த்தை தொண்டை வரைக்கும் வந்துட்டு. மேசைக்கு அடியில மசூது பாய் அவரு காலை ஒரு மிதி மிதிச்சாரு. பாய் கண்ணு டோனர் டப்பா மேல இருந்துச்சு. அப்பத்தான் எனக்கும் பொறி தட்டினது. நல்லபெருமாள் என்னைப் பாத்தாரு, நான் டப்பாவைப் பாத்தேன். அவரு மெதுவா மூடியப் போட்டு மூடிட்டாரு.

"இருக்கும்வே"ன்னாரு நல்லபெருமாள். இருபது வருசத்துல அந்த வார்த்தை அவரு வாயில வந்து நான் கேட்டதில்ல. அண்ணாச்சிக்கே கொஞ்சம் திக்குனு இருந்துச்சு. ஆனா திக்குனு இருந்தா நிறுத்துற ஆளா அவரு.

"மலையேறுறதுக்கு அங்கன ஹைக்கிங்னு பேரு. ஊன்றதுக்கு ரெண்டு கம்பு, முதுகுல தண்ணிப் பை, காலுக்கு ஒரு பூட்ஸ். எனக்கு எதுக்கு அதெல்லாம்? ரப்பர் செருப்பைப் போட்டுட்டுக் கெளம்பிட்டேன். நான் நடந்த வேகத்துல என் நெழலு பின்தங்கிட்டுவே. திரும்பிப் பாக்கேன், ஆளு இருக்கேன், நெழலைக் காணோம். ஒரு பாறையில உக்காந்து அரை மணி நேரம் காத்திருந்தேன். மூச்சு வாங்கிக்கிட்டு வந்து சேருது."

"அரை மணிதானா?"ன்னு கேட்டாரு நல்லபெருமாள். ரொம்பப் பணிவாக் கேட்டாரு.

"முக்கா மணி. உச்சிக்குப் போனா மேகமெல்லாம் இடுப்புக்குக் கீழ நிக்கி. குளிருக்கு ஒரு தும்மல் போட்டேன் பாருங்க. அடியில மேகம் உடைஞ்சு மழை கொட்டுது. கீழ கார் நிக்கிற எடத்துல உங்க மதினி கூழ் வத்தல் காயப் போட்டிருந்தா. அத்தனையும் நனைஞ்சு போச்சு. எறங்கி வந்தா, 'ஒரு தும்மலை அடக்க முடியாதா உங்களுக்கு?'ன்னு சண்டை. வேணும்னா அவகிட்டக் கேட்டுப் பாருங்க."

மதினிகிட்டக் கேக்க அம்பாசமுத்திரத்துல யாருக்கும் தைரியம் கெடையாது. அது அவருக்கு நல்லாத் தெரியும்.

"சரி அண்ணாச்சி, அங்க ஆறு இருந்துச்சா?"ன்னு பாய் எடுத்துக் குடுத்தாரு. பாய் நல்ல மனுசன். ஆனா சுகரை வச்சுக்கிட்டு அவரும் எங்க போயி டென்ட்ல படுப்பாரு.

"ஆறா? அது ஆறு. தண்ணி பூராவும் பனி உருகி வாறது. வெள்ளைக்காரனுங்க கால் வெரலை நனைச்சுட்டு 'ஊ'ன்னு கத்துதான். நான் வேட்டியத் தார்ப்பாய்ச்சிக் கட்டிட்டு ஒரே பாய்ச்சல்."

இந்த எடத்துல நல்லபெருமாளால தாங்க முடியல. "ஓய், நம்ம படித்துறையில நாலாம் படிக்குக் கீழ எறங்க மாட்டீரே. செம்புல மோந்துல்லா குளிப்பீரு"ன்னுட்டாரு.

பாய் மிதிக்கறதுக்கு அவரு காலைத் தேடினாரு. அதுக்குள்ள அண்ணாச்சி சிரிச்சாரு. "தாமிரபரணி நமக்குத் தாய்வே. தாய் மேல ஏறி மிதிப்பாங்களா? அது வேற நாட்டு ஆறு, அதனால எறங்கினேன். எதிர்நீச்சல் போட்டேன் பாருங்க, கை போட்ட போடுல தண்ணி பூரா பின்னால போகாம என்கூடவே மேல ஏறி வருது. ஆத்துக்கே எந்தப் பக்கம் போகணும்னு கொழம்பிட்டு. படகு விட்டுக்கிட்டு வந்த ரெண்டு பேரு, காலைல கெளம்பின எடத்துக்கே திரும்பிப் போயிட்டானுவ. அந்த ரேஞ்சர் கரையில ஓடியாந்து கையெடுத்துக் கும்பிடுதான். 'சார், கீழ நாலு ஊருக்குத் தண்ணி போகல சார்.' நமக்குத்தான் எளகின மனசாச்சே. தண்ணிக்குள்ள இருந்தபடியே வாய்மொழி உத்தரவு போட்டேன். 'சரி, போகட்டும்.' அதுக்குப் பொறவுதான் ஆறு போச்சு."

"உத்தரவு போட்டாத்தான் போகும்"ன்னாரு பாய். "அமெரிக்காலயும் சட்டம் சட்டம்தான்."

நல்லபெருமாள் மொகம் செவந்து போயி இருந்துச்சு. உள்ள அடக்கி வச்ச வார்த்தை அவரைப் படுத்துன பாட்டைப் பாக்க எனக்கே பாவமா இருந்துச்சு. ஒரு சொம்பு தண்ணி எடுத்துக் குடுத்தேன்.

அவரு குடிச்சு முடிச்சதும் நான்தான் அந்தக் கேள்வியக் கேட்டேன். எனக்கும் இடுப்பு இருக்குல்லா. "படுக்கைக்கு என்ன பண்ணினீங்க அண்ணாச்சி? கட்டில் இருந்துச்சா?"

"கட்டிலா?" அண்ணாச்சி என்னை ஒரு பார்வை பாத்தாரு. "கேம்புக்குப் போயிட்டுக் கட்டில்ல படுக்கறவனை அங்க மனுசனாவே மதிக்க மாட்டான். டென்ட்தான். அதுவும் ஆத்தங்கரையில தனி டென்ட். 'எங்க டென்ட்லயே படுங்க மாமா'ன்னு மருமவன் கெஞ்சுதான். போடான்னுட்டேன். கரடி வரும்னு சாப்பாட்டை வைக்கறதுக்கு ஒவ்வொரு டென்டுக்கும் ஒரு இரும்புப் பெட்டி குடுத்திருக்கான். மத்தவனெல்லாம் ரொட்டியையும் சோப்பையும் அதுக்குள்ள பூட்டிட்டு நடுங்கிக்கிட்டு இருக்கான். நான் புளியோதரைச் சட்டிய மடியில வச்சுக்கிட்டு வாசல்ல உக்காந்திருக்கேன். பொழுது சாயற நேரம். ஒரு கரடி வந்துச்சு."

நல்லபெருமாள் ரெண்டு கையாலயும் வாயப் பொத்திக்கிட்டாரு.

"வந்து மோந்து பாத்துச்சு. 'வே, எடுத்துக்கோ'ன்னேன். ஒரு கை அள்ளித் தின்னுச்சு. உங்க மதினி மொளகா வத்தல் போடுற அளவு உங்களுக்குத் தெரியும். கரடிக்குக் கண்ணுல தாரை தாரையாத் தண்ணி. ஓடிப் போயி ஆத்துல வாய வச்சது, முழங்கால் அளவு தண்ணி கொறைஞ்ச பொறவுதான் எடுத்துச்சு. சரி, இனி வராதுன்னு நெனச்சேன். மறுநா பாக்கேன், பொண்டாட்டி, புள்ளைங்க, கொழுந்தியா எல்லாரையும் கூட்டிட்டு வந்துட்டு. வரிசையா உக்காந்துட்டுதுவ. நானும் பந்தி போட்டேன்."

"எலையிலயா?"ன்னாரு பாய்.

"எலைக்கு எங்க போக? காகிதத் தட்டு. சாப்பிட்டு முடிச்சு மத்ததெல்லாம் போயிட்டு. பெரிய கரடி மட்டும் தலையச் சொறிஞ்சுக்கிட்டு நிக்கி. எனக்குத் தெரியாத நிப்பா அது? முப்பது வருசம் என் மேசைக்கு முன்னால அப்படித்தானே நின்னுருக்கானுவ. 'என்ன விசயம், மனு உண்டா?'ன்னேன். அதுக்கு ஒரு கொகை, தலைமுறை தலைமுறையா அனுபவ பாத்தியதை. இப்ப டூரிஸ்டுங்க வந்து எடைஞ்சல் பண்ணுதானுவ. நேரப் போயி எடத்தைப் பாத்தேன். நாலு மால், அதான் நாலு பக்க எல்லையும் அளந்தேன். கொண்டு போன பைலு சும்மாவா போகும்? அங்கனயே உக்காந்து எழுதிக் கரடிக்குப் பட்டா குடுத்துட்டேன். மசியில அது கைய நனைச்சுக் கைநாட்டு வச்சது. இன்னைக்கும் அந்தக் காட்டுல எந்தக் கரடியும் நம்ம பேரைச் சொன்னா ஓரமா ஒதுங்கி வழி விடும்."

பின்னால ஜெராக்ஸ் மெசின் உறுமிக்கிட்டு இருந்துச்சு. நல்லபெருமாள் கைய வாயில இருந்து எடுத்தாரு. அவரு என்ன சொல்லப் போறாரோன்னு நானும் பாயும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருந்தோம்.

"நம்புதேன்வே"ன்னாரு. "ஒவ்வொரு வார்த்தையும் நம்புதேன்."

அண்ணாச்சிக்கு மொகமெல்லாம் பூரிப்பு. இருபது வருசமாக் கெடைக்காத ஒண்ணு கெடைச்சிருக்கு. கண்ணுகூடக் கலங்கிட்டு. அந்த நேரம் பாத்து, அவரு பேரை எழுதி வச்சிருந்த பாரத்தை நான் நீட்டினேன். "சனிக்கிழமை முகாமுக்கு, அண்ணாச்சி. இங்கன ஒரு கையெழுத்து." தாலுகா ஆபீஸ் கை அது, வாசிச்சுப் பாத்துட்டுப் போடுற பழக்கம் என்னைக்குமே கெடையாது. பேனாவ எடுத்து ஒரு சுழி சுழிச்சு, அடியில தேதியும் போட்டாரு.

மசி காய்ஞ்ச பொறவு பாய்தான் விசயத்தைச் சொன்னாரு. ஆறு கட்டில், ஒரு டென்ட், ஆத்தங்கரை, பலாப்பழ சீசன். கார்டு சொன்னதை ஒண்ணு விடாமச் சொன்னாரு.

அண்ணாச்சி தொப்பிய எடுத்துத் தலையில வச்சாரு. பொறவு கழட்டினாரு. பாரத்தைக் கையில வாங்கி, முப்பது வருசத்துல மொத தடவையா, மேல இருந்து கீழ வரைக்கும் வாசிச்சாரு. "டென்ட்ல படுப்பவர்: குற்றாலலிங்கம்"னு இருந்த எடத்துல கண்ணு நின்னுட்டு.

"வே, வெளையாடாதீங்க"ன்னாரு.

"என்ன அண்ணாச்சி, கரடிதானே வரும்"ன்னாரு பாய். "வந்தா பட்டா குடுத்து அனுப்பிருங்க."

ஸ்டூலை முன்னால இழுத்துப் போட்டுக்கிட்டு, எங்க மூணு பேரையும் மாறி மாறிப் பாத்தாரு. கொரலு அப்படியே எறங்கிட்டு. "ஏ, உண்மையச் சொல்லுதேன் கேளுங்க. மலையில நான் ஏறவே இல்ல. மொத வளைவுலயே மூச்சு முட்டிட்டு, திரும்பி வந்துட்டேன். ஆத்துல கணுக்கால் நனைஞ்சது, அதோட சரி. டென்டுக்குள்ள போனா நெஞ்சை அடைக்கி. கார்ல கண்ணாடிய ஏத்திவிட்டுக்கிட்டு, உங்க மதினி கையப் புடிச்சுக்கிட்டுத்தான் படுத்தேன். இந்தத் தொப்பி கடையில வாங்கினது. கரடியை நான் கண்ணால பாக்கவே இல்ல. பிள்ளையார் சத்தியமா சொல்லுதேன். என் பேரை அடிச்சிட்டுச் சீட்டுக் குலுக்குங்க."

எனக்கு மனசு எளகிட்டு. பாரத்தைத் திருப்பி வாங்கலாம்னு கைய நீட்டினேன். நெனைச்சுப் பாத்தா, அவரு சொல்லி நான் கேட்டதுல அப்படியே நடந்தது இது ஒண்ணுதான்.

நல்லபெருமாள் முந்திக்கிட்டாரு. பாரத்தை மடிச்சுச் சட்டைப் பையில வச்சு, பட்டனையும் போட்டாரு. டோனர் டப்பாவத் தொறந்து சீட்டையெல்லாம் குப்பைக் கூடையில கொட்டினாரு. காலைல இருந்து அடக்கி வச்சிருந்தது, கடைசியா நிம்மதியா வெளிய வந்துச்சு.

"சும்மா கரடி விடாதீரும்வே."