பெரியப்பா கேட்ட ஜூம்

திண்டிவனம் கல்யாண மண்டபத்தில் பெண்ணின் பெரியப்பா தணிகாசலம் வைத்ததுதான் சட்டம். போட்டோ எடுக்க வந்த செண்பகத்தின் குட்டி லென்ஸைப் பார்த்ததுமே முகம் சுளித்தார்.

“ஏம்மா, இது ஜூம் ஆகுமா?”

“ஆகாதுங்கய்யா. நான்தான் கிட்ட போகணும்.”

“மேடையேறி மறைக்கிற வேலையே வேண்டாம். பெரிய ஜூமைப் போட்டுக் கடைசி வரிசையில நில்லு. தாலி முடிச்சு தெளிவா விழணும். இல்லேன்னா இந்த ஊர்ல இனி எவனும் உன்னைக் கூப்பிட மாட்டான்!”

“யாராவது எழுந்து மறைச்சா?”

“நான் இருக்கேன்ல? ஒருத்தன் எழமாட்டான்.”

செண்பகம் தலையாட்டினாள். ஜூம் கேமராவைக் கடைசி வரிசையில் ஸ்டாண்டில் நிறுத்தி, தானாகவே படமெடுக்க விட்டாள். குட்டி லென்ஸ் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு அட்சதைத் தட்டைக் கையில் எடுத்தாள். அட்சதையோடு மேடையேறுகிறவளை யார் தடுப்பார்கள்?

கெட்டிமேளம் முழங்கியது. மண்டபமே எழுந்துகொண்டது.

ஆல்பம் வந்தது. குட்டி லென்ஸில் மூன்று முடிச்சும் பளிச்சென்று இருந்தன. ஜூம் படத்திலோ, நாற்காலிமேல் ஏறி நிற்கும் ஒரு பட்டுச்சட்டை முதுகுதான் முழுசாக அடைத்திருந்தது.

“எவன்டா இவன், அறிவில்லாம?” என்று சீறினார் தணிகாசலம்.

செண்பகம் பக்கத்தைப் புரட்டினாள்.

“அடுத்ததுல திரும்பி, ‘எல்லாரும் உட்காருங்கடா’ன்னு கத்துறாருங்கய்யா. முகம் நல்லாத் தெரியுது.”