இந்தப் பெட்டிக்கு இல்லை

"என் லேப்டாப்ல கட்டளை போட்டா கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள வருது. அதே கட்டளையை இந்தப் பெட்டியில போட்டா 'இல்லை'ங்குது. இது என்னம்மா ஓரவஞ்சனை?"

கேட்டவர் தேவசகாயம். பார்வையில்லாதவர்களுக்கு ஒரு வாசிப்புக்கூடம் நடத்துகிறார். அவருக்கும் பார்வை கிடையாது. எதிரே இருந்தது நிலோஃபர். வயதில் அவர் மகள் மாதிரி, கம்ப்யூட்டரில் அவருக்குக் குரு. ஞானத்துக்கு நரைமுடி எதற்கு?

"எது இல்லைங்குது சார்?"

"தமிழ் வாசிச்சுக் காட்டுற சாஃப்ட்வேர் பேக்கேஜ். யாரோ புண்ணியவான் இந்தச் சின்னப் பெட்டிக் கம்ப்யூட்டர்களை வாங்கிக் கொடுத்தார். எல்லாம் ஊமையா உட்கார்ந்திருக்கு. கூடத்துக்கு வர்ற ஜெபமணி பேங்க் பரீட்சைக்குப் படிக்கிறா. தினம் வந்து கீபோர்டைத் தடவிப் பார்த்துட்டு, 'இன்னும் பேசலையா சார்?'னு கேட்டுட்டுப் போறா."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"லேப்டாப்ல இருந்ததை அப்படியே எடுத்து இதுக்குள்ள திணிச்சேன்."

நிலோஃபர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"மாவு ஒண்ணுதான் சார். உங்க லேப்டாப் தோசைக்கல். அதுக்குச் சுட்டு வச்சிருக்காங்க. இந்தப் பெட்டியோட ப்ராசஸர் வேற. இது இட்லிச்சட்டி. சுட்ட தோசையைக் கொண்டுபோய் இதுல அவிப்பீங்களா?"

"அப்போ இட்லி எங்கே?"

"யாரும் அவிக்கல. 'இல்லை'ன்னா அவ்வளவுதான் அர்த்தம்."

"யாரு அவிக்கணும்?"

நிலோஃபர் அந்தப் பேக்கேஜின் மாவை, அதாவது மூலநிரலை, அவர் லேப்டாப்பில் இறக்கி வைத்துவிட்டு டீ போடப் போய்விட்டார்.

ஆடியில் வேலைக்கு உட்கார்ந்தார் தேவசகாயம். அந்த ப்ராசஸருக்கென்று நிரலைக் கட்டிப் பார்த்தார், உடைந்தது. திருத்தினார், வேறிடத்தில் உடைந்தது. முகம் தெரியாத யார் யாருக்கோ எழுதிக் கேட்டார். சிலர் சள்ளென்று விழுந்தார்கள், சிலர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். ஐப்பசியில் ஒருவழியாகக் கட்டி முடித்தார். எல்லோரும் எடுத்துக்கொள்கிற பொதுக் களஞ்சியத்திலும் அது சேர்ந்துவிட்டது.

அடேயப்பா, அன்றைக்கு அவர் நடையைப் பார்த்திருக்க வேண்டும்! ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு, ஜெபமணியையும் கூட்டிக்கொண்டு வந்து, நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"இனிமே இந்தப் பெட்டி வச்சிருக்கிற எவனுக்கும் 'இல்லை'ன்னு வராது. நான் கொண்டு வந்துட்டேன். போடும்மா கட்டளையை."

நிலோஃபர் போட்டார்.

"வந்துடுச்சா?"

"உங்களுது கடைசியில வரும் சார். அதுக்கு வேண்டியதெல்லாம் முன்னாடி வருது. வாசிக்கட்டுமா?"

"வாசி."

"எழுத்தை அடையாளம் காண ஒரு பேக்கேஜ். அதைச் செஞ்சு பார்த்துக்கிறவர் ஃபின்லாந்துக்காரர். சத்தத்தைக் கலக்க ஒண்ணு, பிரேசில்ல ஒரு அம்மா. அதை ஸ்பீக்கருக்கு அனுப்ப ஒண்ணு. இவருக்குப் பேர் மட்டும்தான் இருக்கு, ஊர் இல்லை. அடுத்தது..."

நிலோஃபர் வாசித்துக்கொண்டே போனார். திரை நிற்காமல் ஓடியது.

"இதெல்லாமே இந்தப் பெட்டிக்குன்னு தனியா அவிச்சதா?"

"ஒவ்வொண்ணும்."

"எனக்கு முன்னாடியேவா?"

"நீங்க ஓரவஞ்சனைன்னு திட்டின அன்னைக்கே இருந்துது சார். இல்லாதது கடைசி ஒண்ணுதான்."



தேவசகாயத்தின் நாற்காலி பின்னால் நகரும் சத்தம் கேட்டது.

அதற்குள் பெட்டி கரகரத்த குரலில், "வணக்கம்" என்றது.

ஜெபமணிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. "சார், பேசிடுச்சு சார்! எதுக்கு எழுந்து நிக்கிறீங்க? உட்காருங்க."

"இத்தனை பேர் வந்திருக்காங்க. நான் எப்படிம்மா உட்காருவேன்?"