கோணப்பட்டியார் எக்ஸ்பெடைட் பண்ணிய கதை

கோணப்பட்டியில் புத்திசாலிகளுக்குப் பஞ்சமில்லை. அத்தனை பேரும் ஊராட்சி அலுவலகத்தில் உட்கார்ந்திருந்ததுதான் ஊருக்குப் பிடித்த சனி.

ஊருக்குக் குடிநீர்த் தொட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். மேல்தளத்துக்கு முந்தின நாள்தான் கான்கிரீட் போட்டிருந்தது. பெண்கள் பக்கத்து ஊருக்குக் குடத்தோடு நடந்து, திரும்பும்போது அலுவலக வாசலில் நின்று திட்டிவிட்டுப் போவார்கள். அன்று ஜீப்பில் வந்த என்ஜினீயர் இறங்காமலே, "வேலையை எக்ஸ்பெடைட் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"உத்தரவு கம்பீரமாத்தான் இருக்கு. என்ன செய்யணும்னுதான் தெரியல" என்றார் தலைவர் மாசிலாமணி.

டியூஷன் வாத்தியார் இன்னாசிமுத்துவை அழைத்து வந்தார்கள்.

"சீக்கிரம் முடின்னு அர்த்தம். அதிகாரிங்க வாயில மட்டும் வர்ற சொல்லு. பொண்டாட்டிகிட்ட 'சோத்தை எக்ஸ்பெடைட் பண்ணு'ன்னு யாரும் கேக்கறதில்ல" என்றார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அதற்குள் வடை வந்துவிட்டது. வடைக்கு ஏற்ற விளக்கம் வேண்டாமா?

"மூலம் லத்தீன். 'எக்ஸ்'னா வெளியே, 'பெட்'னா கால். கட்டிப்போட்ட காலை அவிழ்த்து விடுறதுதான் ஆதி அர்த்தம்."

தலைவர் யோசித்தார். "அர்த்தம் நேத்து வந்தது. மூலம் ஆதியிலேயே இருக்குது. எதுக்கு மரியாதை?"

"மூலத்துக்குத்தான்!" என்றார் எழுத்தர் தவசிலிங்கம்.

முதலில் மணல் சுமக்கும் கழுதைகளின் கால்கட்டை அவிழ்த்தார்கள். அவை முதுகில் மூட்டையோடு கரும்புக்காட்டுக்குள் பாய்ந்து மறைந்தன.

"என்ன வேகம் பார்த்தீங்களா! வாத்தியார் வாக்கு பொய்க்கல" என்று பூரித்தார் தலைவர்.

பம்ப் ஆபரேட்டர் வெள்ளைக்கண்ணு தொட்டியடியில் எட்டிப் பார்த்து அலறினார். "தலைவரே! இங்க எத்தனை முட்டுக்கால்! எல்லாத்தையும் கயிறு போட்டுக் கட்டியிருக்கானுங்க!"

"அடப்பாவிங்களா! அதான் வேலை நகரல" என்றார் தலைவர்.

கொத்தனார் ஓடிவந்து, "கான்கிரீட் இன்னும் இறுகல. காலை எடுத்தா தளம் விழுந்துரும்யா!" என்று கதறினார்.

"லத்தீன் படிச்சிருக்கியா?" என்று கேட்டார் எழுத்தர்.

கொத்தனார் படித்திருக்கவில்லை.

கட்டை அவிழ்த்தார்கள். வெயிலுக்குப் பயந்து தூரத்து நிழலில் நின்றே முட்டுக்கால்களைக் கயிறு போட்டு இழுத்தார்கள். அதனால் உயிர் பிழைத்தார்கள். தளம் தரைக்கு வந்துவிட்டது. புழுதி அடங்கியதும் தலைவர் கண் கலங்கினார். "மேல ஏற ஆறு மாசம் ஆச்சு. கீழ வர ஒரு நொடி. இதுதான் எக்ஸ்பெடைட்!"

என்ஜினீயர் இந்த முறை ஜீப்பை விட்டு இறங்கினார். எழுத்தரையும் பம்ப் ஆபரேட்டரையும் பார்த்து, "ரெண்டு பேரும் சஸ்பெண்ட்!" என்று கத்தினார்.

மறுபடி வாத்தியார், மறுபடி வடை. "லத்தீன்தான். கீழ்நோக்கித் தொங்கவிடுறதுன்னு மூலம்."

மறுநாள் காலையில் இருவரும் அலுவலகத்து வேப்பமரக் கிளையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார்கள். தலைவர் கீழே நின்று மேற்பார்வை பார்த்தார்.

"கை வலிக்குது தலைவரே" என்றார் வெள்ளைக்கண்ணு.

தவசிலிங்கம் விதிகளை நினைவுபடுத்திக்கொண்டார். "சஸ்பெண்டுக்குப் பாதிச் சம்பளம்தானேய்யா? எதுக்கு ரெண்டு கையால தொங்குறே? ஒண்ணை விடு!"